ஊர் மாறுவது யாரால்? முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் இடையில் நடப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போனாலும் ஒரு வாக்கியம் தப்பாமல் காதில் விழும்: "ஒரு தனிமனிதன் நினைத்தால் சமுதாயத்தையே மாற்றிவிடலாம்." மாலை மரியாதை முடிந்து, ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியதும் பேச்சாளர் அதைச் சொல்வார், முன்வரிசை கைதட்டும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் தங்களுக்குள் இன்னொன்று சொல்லிக்கொள்வார்கள்: "நம் ஆட்களைத் திருத்தவே முடியாது."

இரண்டு பேச்சும் எதிரெதிர் போலத் தோன்றினாலும் இரண்டிலும் உள்ள பிழை ஒன்றுதான். மாற்றம் நடப்பதும் நடக்காமல் போவதும் மனிதர்களின் குணத்தைப் பொறுத்தது என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. தலைவர் பெரியவர் என்றால் ஊர் மாறும், சனம் சோம்பேறி என்றால் மாறாது, கணக்கு முடிந்தது. ஆனால் ஒருவர் ஒன்றைத் தொடங்குவதற்கும் ஊர் அதில் சேர்ந்துகொள்வதற்கும் நடுவே ஒரு பொறிமுறை வேலை செய்கிறது. சமூகவியலாளர்கள் அதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) சாக்கடை போதும்.

## ஞாயிற்றுக்கிழமைக் காலை, பத்து வீடு

ஒரு சந்தில் பத்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மழைக்குப் பிறகு சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது. டிங்கிக் கொசு பெருகும் நேரம். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை) என்று எல்லாருடைய கைப்பேசிக்கும் செய்தி போயிருக்கிறது. எட்டு மணிக்கு என்ன நடக்கும்? பத்து வீட்டிலும் ஜன்னல் திரை கொஞ்சம் விலகும். வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

முதல் வீட்டு அண்ணன் யார் வந்தாலும் வராவிட்டாலும் மண்வெட்டியோடு இறங்கிவிடுவார். எதிர்வீட்டு அக்கா ஒருவராவது நின்றால் வருவார். தனியாக நிற்கக் கூச்சம். மூன்றாம் வீட்டுக்காரருக்கு இரண்டு பேர் தெரிய வேண்டும். நான்காம் வீட்டுக்கு மூன்று. இப்படியே போய், கடைசி வீட்டுக்காரர் ஒன்பது பேர் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் சட்டையை மாட்டுவார். அண்ணன் இறங்கினார், அக்கா வந்தார், மூன்றாமவர் வந்தார். ஒன்பதரைக்குள் பத்து பேரும் சாக்கடையில். நாசி லெமாக்கும் தேத்தண்ணீரும் வந்துவிட்டன. "நம் தாமானைப் போல ஒற்றுமை எங்கேயும் கிடையாது" என்று பேசிக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். அந்த ஞாயிறு எதிர்வீட்டு அக்காவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம். அண்ணன் இறங்குகிறார். மூன்றாம் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்க்கிறார், ஒருவர்தான் தெரிகிறார். அவருக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் வரவில்லை, அதனால் நான்காமவர் வரவில்லை, அதனால் ஐந்தாமவரும் வரவில்லை. அண்ணன் ஒரு மணி நேரம் தனியாக வாரிப்போட்டுவிட்டு, கதவை அறைந்து சாத்துகிறார். "இந்தத் தாமானில் ஒற்றுமையே கிடையாது."

இரண்டு ஞாயிறுகளிலும் ஒன்பது பேர் அதே ஆட்கள்தாம், அதே மனம்தான். விளைவு மட்டும் தலைகீழ்.

ஒருவர் ஒரு காரியத்தில் இறங்குவதற்கு முன் எத்தனை பேர் ஏற்கெனவே இறங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாரோ, அதை அவருடைய தொடக்க எண் என்போம். இந்தச் சிந்தனையைத் தெளிவான கணக்காக 1978-இல் எழுதியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நூறு பேர் கூடிய ஒரு கலவரம். தொடக்க எண் பூச்சியத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை வரிசையாக இருந்தால் நூறு பேரும் கல்லெறிவார்கள். ஒன்று என்ற எண் கொண்டவரை எடுத்துவிட்டு இரண்டு என்ற எண் கொண்ட ஒருவரை வைத்தால், ஒரே ஒரு ஆள் கண்ணாடியை உடைத்ததோடு முடிந்துவிடும். மறுநாள் பத்திரிகை முதல் கூட்டத்தைக் கொந்தளிப்பு என்று எழுதும். இரண்டாவதில் ஒரு கிறுக்கனைக் கைது செய்தார்கள் என்று எழுதும்.

இதுவரை பார்த்தது: ஊரின் மனநிலையை வைத்து மட்டும் விளைவைக் கணிக்க முடியாது. எண்களின் வரிசையில் ஒரு படி விட்டுப்போனாலே தொடர் அறுந்துவிடும். முதல் ஆளைவிட, பல நேரம் இரண்டாம் ஆள் அரிதானவர்.

## எண் ஏன் உயர்கிறது

தொடக்க எண் அதிகமாக உள்ளவரைக் கோழை என்று திட்டுவது எளிது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அப்படித் திட்ட மாட்டார்கள். லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, தோட்டத் துரையுடையது. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுவில் கையெழுத்துப் போட முப்பது பேர் முதலில் போட்டிருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அது கணக்குத் தெரிந்த மனம்.

அதே ஆள் மாரியம்மன் திருவிழாவுக்குத் தோரணம் கட்ட எவரையும் எதிர்பார்க்காமல் வந்து நிற்பார். ஆக, தொடக்க எண் ஒருவரின் நெற்றியில் எழுதப்பட்டதன்று. காரியத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று என்று அது மாறும். இழப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு உயரும்.

இங்கேதான் தனிமனிதருக்கு வேலை இருக்கிறது. மாற்றத்தைத் தொடங்கியவர்கள் என்று நாம் நினைவில் வைத்திருப்பவர்களைக் கவனித்துப் பார்த்தால், மற்றவர்களின் தொடக்க எண்ணைக் குறைக்கும் ஏதோ ஒன்றை அவர்கள் செய்திருப்பார்கள். பேச்சுத் திறமை அதில் ஒரு சிறு பங்கு.

## பைத்தியக்கார ரிட்லியும் காப்பி விலையும்

எங்கள் ஊரிலிருந்து பக்கத்திலிருக்கும் கோலகங்சாருக்குப் போனால், வேலி போட்டுக் காக்கப்படும் ஒரு முதிய ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். 1877-இல் இந்த வட்டாரத்துக்கு வந்த முதல் கன்றுகளின் மிச்சம் அது. கன்று வந்துவிட்டது, ஆனால் அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எந்த முதலாளியும் அதைத் தோட்டப் பயிராக எடுத்துக்கொள்ளவில்லை. வழிப்போக்கர்களுக்குக் காட்டும் அதிசயமாக மட்டும் நின்றது.

1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்புக்கு ஹென்றி ரிட்லி வந்தார். ரப்பர் நடுங்கள் என்று காண்பவரிடமெல்லாம் சொன்னார். விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் நீட்டினார். பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது. காப்பி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை வாயில் என்ன போடுவது?

ரிட்லி இரண்டு காரியம் செய்தார். ஒன்று, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். மீன்முள் வடிவில் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து, மாதக்கணக்கில் பால் எடுக்கலாம் என்று காட்டினார். நம் பாட்டிமார் விடியற்காலையில் நிரையில் நின்று உளிபோட்ட வேலைக்கு மூலம் அதுதான். இதனால் ரப்பர் நடுவதன் அபாயம் குறைந்தது. அதாவது, தயங்கி நின்றவர்களின் எண் இறங்கியது. இரண்டாவது, விடாமல் கேட்டு ஒரே ஒரு ஆளைப் பிடித்தார். மலாக்காவில் டான் சாய் யான் என்ற வியாபாரி 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். அரசாங்கச் சம்பளத்தில் இருக்கும் தாவரவியலாளர் சொல்வது வேறு. சொந்தப் பணத்தை மண்ணில் போட்ட ஒரு வியாபாரி சொல்வது வேறு. சாக்கடைக் கதையில் வரும் எதிர்வீட்டு அக்காவின் இடத்தில் இங்கே டான் சாய் யான்.

அத்தோடு கதை முடியவில்லை. பிரேசிலில் காப்பி கொட்டிக் குவிந்து 1890-களின் பிற்பகுதியில் விலை சரிந்தது. மறுபுறம் மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் டயர் தேவைப்பட்டது. காப்பியில் அடிபட்டவர்களுக்கு இப்போது இழக்க அதிகம் இல்லை. எல்லாருடைய எண்ணும் ஒரே நேரத்தில் கீழே வந்தது. அடுத்த இருபது ஆண்டுக்குள் மலாயா உலகிலேயே அதிக ரப்பர் விளைவிக்கும் நாடாகிவிட்டது. நம் முன்னோர்களில் பெரும்பாலோர் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்ததும் அந்த அலையில்தான். பிரேசில் காப்பி விலைக்கும் நம் அடையாள அட்டைக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் இளையவர்கள் நம்புவதில்லை.

காப்பி விலை சரியாமல் இருந்திருந்தால் ரிட்லி ஒரு பிடிவாதக்காரக் கிழவராகவே போயிருக்கலாம். வாய்ப்பு வந்தபோது வெட்டு முறையும் விதையும் ஒரு கண்கண்ட தோட்டமும் தயாராக இருந்தன. அவர் பங்கு அதுதான், அது சிறிய பங்கும் இல்லை.

சுருக்கமாக: தனிமனிதர் அபாயத்தைக் குறைக்கலாம், ஓர் இரண்டாம் ஆளைத் தேடிப் பிடிக்கலாம். சூழ்நிலையை அவரால் படைக்க முடியாது. அது வரும்போது கையில் சரக்கோடு நிற்கலாம்.

## கேள்விப்படுவது ஒன்று, துணிவது வேறு

ஒரு செய்தி ஊரெங்கும் பரவிவிட்டால் மாற்றமும் பரவிவிட்டது என்று நினைக்கிறோம். பொதுவாக நடக்கும் குழப்பங்களில் இதுதான் பெரியது.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து விவசாயிகள் ஒட்டுச் சோள விதைக்கு மாறியதைப் பற்றி 1943-இல் வெளிவந்த ஆய்வு இதற்குப் பழைய சான்று. அந்த விதை 1920-களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. விளைச்சல் கண்ணெதிரே கூடியது. ஆனாலும் இரண்டு ஊர்களின் விவசாயிகள் அநேகமாக முழுமையாக மாறப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. பெரும்பாலோர் விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர் வாயிலாக. வாங்கலாம் என்று மனம் துணிந்தது பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்து.

சமூகவியலில் உறவுகளை இரண்டாகப் பிரிப்பார்கள். பஸ் நிலையத்தில் தலையாட்டிவிட்டுப் போகும் பழக்கம் தளர்ந்த உறவு. ஒரே லயம், ஒரே கோயில், ஒரே கல்யாண வீடு என்று பின்னிக் கிடப்பது நெருங்கிய உறவு. வேலை காலியிருக்கிறது என்பது போன்ற தகவல் தளர்ந்த உறவு வழியே வெகுதூரம் ஓடும். இதையும் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் பணமோ பெயரோ போகக்கூடிய காரியத்துக்கு அது போதாது. நெருங்கியவர்களில் ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்வோம். மூவர் செய்தால் நாமும் செய்வோம். சமூகவியலாளர் டேமன் சென்டோலா 2010-இல் வெளியிட்ட இணையவழிச் சோதனையிலும் இதுதான் தெரிந்தது. தொடர்புகள் அங்குமிங்கும் சிதறிக்கிடந்த வலையைவிட, ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் கொத்தாக இருந்த வலையில் புதிய பழக்கம் அதிகமாகப் பரவியது.

இடையில் ஒன்று. "இருபத்தைந்து விழுக்காட்டினர் மாறினால் ஊரே மாறிவிடும்" என்று தன்முனைப்புப் பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. அந்த எண் 2018-இல் வெளிவந்த ஒரு சோதனையிலிருந்து வருகிறது; சென்டோலாவும் அதில் ஒருவர். சிறு குழுக்கள் ஒரு படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒத்துப்போகும் விளையாட்டு அது. பெயர் மாற்றினால் யாருக்கும் வேலை போகாது. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து கோயில் நிர்வாகத்தின் மீதும் பள்ளிக் கூட்டத்தின் மீதும் வைப்பது சரியன்று.

## பத்து வெள்ளியின் கணக்கு

சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றிப் பேசும்போது அவருடைய உள்ளம், உழைப்பு, தியாகம் என்று அடுக்குவார்கள். நான் அவருடைய கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1950-களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். துண்டு வாங்கியவருக்குப் பத்து குடும்பம் எதற்கு? பலருக்கு வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கிவிட்டால் என்ன என்ற கேள்விக்குப் பதிலாக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பத்து வெள்ளி போடுங்கள் என்று கேட்டார்.

"ஒரு தோட்டம் வாங்கலாம் வாருங்கள்" என்று சொன்னால் பால்வெட்டும் ஒருவர் என்ன செய்வார்? சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். கோடீசுவரர்களின் பேச்சு அது. "பத்து வெள்ளி" என்றால் யோசிப்பார். அன்றைய கூலியில் அது சிறிய தொகையன்று. ஆனாலும் போனால் குடும்பம் கவிழ்ந்துவிடாத தொகை. இங்கே தொடக்க எண்ணைக் குறைத்தது அந்தத் தொகைதான்.

அவர் கேட்ட இடமும் முக்கியம். லயம் என்பது நெருங்கிய உறவின் உச்சம். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். யார் பணம் போட்டார், யார் மறுத்தார், யார் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார் என்பது குழாயடியிலேயே தெரிந்துவிடும். நான்கு வீட்டார் போட்ட பிறகு ஐந்தாம் வீட்டாரின் தயக்கத்துக்குக் காரணம் குறைந்துகொண்டே போகும். பிறகு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் அது. ஒரு தோட்டம் கண்ணுக்குத் தெரிந்ததும், "பணத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றவர்களுக்கு வாயடைத்தது. நூறு மேடைப் பேச்சுக்கு ஈடான ஒரு கிரயப் பத்திரம்.

அந்தச் சங்கம் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்றவில்லை. பிற்பாடு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்குப் போனது, தோட்ட மக்கள் சிதறினார்கள். சங்கம் இன்றும் இருக்கிறது. நாட்டின் தோட்டத் தொழிலாளர் நிலையை அது முழுமையாக மாற்றியது என்று சொன்னால் மிகை. ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் பொய்.

## கண்ணில் பட வேண்டும்

எண்கள் குறைந்தாலும் போதாது. சேர்ந்தவர்கள் மற்றவர் கண்ணில் பட வேண்டும். ஜன்னல் திரை மூடியிருந்தால் சாக்கடையில் ஒன்பது பேர் நின்றாலும் பத்தாமவருக்குத் தெரியாது.

போருக்குப் பின் 1946, 1947-இல் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கு எதிராக எழுந்த தொண்டர் படை இதற்குக் கூர்மையான உதாரணம். பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் முன்னின்றார். கள்ளுக்கடைக்கு எதிராகப் பேசியவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். இந்த இளைஞர்கள் சீருடை அணிந்து அணிவகுத்து நடந்தார்கள், கடை முன்னால் மறியல் செய்தார்கள். குடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று அதுவரை எவருக்கும் தெரியாது. குடிக்காமல் வீட்டில் இருப்பவன் கண்ணில் படமாட்டான். அணிவகுப்பு அவர்களை எண்ணக்கூடியவர்களாக ஆக்கியது. பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. கண்ணில் பட்டதன் மறுபக்கமும் வந்தது: 1947-இல் போலீசும் அவர்களைக் கண்டுகொண்டது. இயக்கம் ஒடுக்கப்பட்டது.

## பெரட்டுக் களம் போன பிறகு

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் எல்லாரையும் பார்த்தாக வேண்டும். கிராணி பெயர் கூப்பிடும்போதே யார் வந்தார், யார் வரவில்லை என்பது தெரியும். தாமானில் அது கிடையாது. ஒருவர் ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார், இன்னொருவர் இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுக்கிறார். முன்னைவிட மனம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்க்கும் இடம் போய்விட்டது. வாட்ஸ்அப் குழுவில் விழும் கட்டைவிரல் படம் அந்த இடத்தை நிரப்பாது. அதை அனுப்ப ஒன்றும் செலவாகாது என்பது அனுப்பியவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும்.

இதே பொறிமுறை பின்னோக்கியும் ஓடும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் மெலிவதைப் பாருங்கள். மக்கள் ஊரைவிட்டுப் போனது முதற்காரணம். அதற்கு மேல் ஒரு தொடர்வினையும் உண்டு. அதாவது, ஒருவர் செய்வது அடுத்தவரின் எண்ணைத் தொட்டு அவரையும் அதையே செய்ய வைப்பது. முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இந்த வருடம் எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்?" தொடக்க எண்ணை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்கும் இடம் வேறெதுவும் எனக்குத் தெரியாது. நான்கு என்று பதில் வந்தால், ஐந்து வேண்டும் என்று நினைத்தவர் சீனப்பள்ளிக்குப் போகிறார். அவர் போனதால், அதே ஐந்து வேண்டும் என்ற இன்னொருவரும் போகிறார். தமிழ்மேல் அன்பில்லை என்று அவர்களைச் சாடிப் பயனில்லை; அந்த நால்வரும் இந்த இருவருமாக ஆறு பேரும் ஒரே நாளில் வந்திருந்தால் ஆறு பேருமே சேர்ந்திருப்பார்கள்.

இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆறு வீட்டுக்கும் நேரில் போய், "எத்தனை பேர் சேர்ந்தால் நீங்கள் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வது. அந்த எண்ணிக்கை வரும்வரை எவர் கையையும் கட்டிப்போடக் கூடாது. வந்ததும் எல்லாரும் ஒன்றாகப் போய்ப் பதிய வேண்டும். இதை நிபந்தனை உறுதி என்று சொல்லலாம்: மற்றவர்கள் செய்தால் நானும் செய்வேன், செய்யாவிட்டால் எனக்கு இழப்பில்லை. முதலில் போக வேண்டிய வீடு, ஊரில் பெரிய பெயருள்ளவரின் வீடு அல்ல. கூட்டுச் சீட்டுப் பிடிக்கும் அக்காவின் வீடாக இருக்கலாம். யார் சொன்னதைச் செய்வார், யார் இழுத்தடிப்பார் என்பது அவருக்கு மனப்பாடம்.

பள்ளி வேன் வராத தாமானில் இந்தப் பட்டியலும் உதவாது. அங்கே முதலில் வேன்காரரைப் பார்க்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் ஏறினால் எண்ணெய்க் காசு கட்டுப்படியாகும் என்று அவரிடமும் ஓர் எண் இருக்கிறது.